பொன்னுத்தாயிடம் கொடுத்த அகப்பை

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. ஒருவர் கேட்டதால் வந்தது.

மன்னார்குடியில் ஒரு சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் பேசப் போயிருந்தேன். அவர்கள் கொடுத்த தலைப்பு, ‘பொறுப்பைப் பகிர்ந்தளித்தல்: வேதம் காட்டும் தலைமை’. நான் மோசேயைப் பற்றிப் பேசினேன். அவர் வனாந்தரத்தில் அத்தனை ஜனங்களின் வழக்கையும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அவருடைய மாமனார், நீரும் ஓய்ந்துபோவீர், ஜனங்களும் ஓய்ந்துபோவார்கள், நல்ல ஆட்களாகப் பார்த்து நியமித்துக்கொள்ளும் என்றார். பிறகு ஆதிச் சபையில் பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரை ஏற்படுத்திய கதையையும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியில் ஒரு பெண்மணி எழுந்தார். கூட்டுறவு வங்கி ஒன்றில் மேலாளராக இருப்பவர்.

“குடுக்கறது சரிங்க மேடம். குடுத்தப்பறம் அவங்க தப்பாப் பண்ணிட்டா? திருப்பி வாங்கிக்கலாமா? அப்படி வாங்கிக்கிட்டதா எங்கயாவது இருக்கா?”

நான் நீளமாக ஏதோ சொன்னேன். பாதியிலேயே அவர் பேனாவை மூடிவிட்டார்.

திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவருக்குச் சரியான பதிலைக் கட்டுரையாக யோசித்துப் பார்த்தேன். கட்டுரை வரவில்லை. கஞ்சி அண்டாவின் பக்கத்தில் அகப்பையோடு நிற்கும் ஒரு பெண்தான் வந்தாள். அவள் பெயர் பொன்னுத்தாய் என்பது மட்டும் உடனே தெரிந்தது. அவள் யாருக்கு ஊற்றினாள், அதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பதெல்லாம் எழுத எழுதத்தான் தெரிந்தது. சிலது எழுதிய பிறகும் தெரியவில்லை.

2

தொடங்கிப் பார்த்தவை:

வெண்மணிக்குப் பிறகு வந்த இரண்டாவது குறுவை அறுவடையின்போது, கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்து —

(இது செய்தித்தாள். இதற்குள் யாருக்கும் பசிக்காது.)

பொன்னுத்தாய்க்கு அகப்பையின் கனம் கையில் ஏறியபோது, வாழ்நாளில் முதன்முறையாக —

(இது அவசரம். யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமல் கனத்தைப் பற்றிப் பேசக்கூடாது.)

மாசிலாமணி உபதேசியார் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

இது நிற்கிறது. இதிலிருந்து போகிறேன்.

மாசிலாமணி உபதேசியார் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார். வலங்கைமானுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊருக்கு நான் பெயர் வைக்கவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வேலைக்காரர்கள் தெரு. அதில் பாதிப் பேர் சபையைச் சேர்ந்தவர்கள், பாதிப் பேர் இல்லை. எல்லோரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார்கள். சபையில் ஆராதனை நடத்துகிற உபதேசியார்தான் சபைக்கும் சங்கத்துக்கும் ஒரே தலைவர்.

ஆட்சி மாறிப் பல விஷயங்கள் மாறியிருந்தன. கூலிக்குச் சட்டம்கூட வந்திருந்தது. சட்டம் கெஜட்டுக்கு வந்தது, களத்துமேட்டுக்கு வரவில்லை. அதனால் குறுவை பழுத்துச் சாய்ந்து நின்றபோது தெருவே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்துகொண்டது. வயிற்றுக்கு, சபைக் கோயிலுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் ஒரு கஞ்சி அண்டா. அந்த அண்டாவுக்கு அளந்து போடுவதும் உபதேசியார். தாசில்தாருக்கு மனு எழுதுவதும் அவர். எவன் ஆடு எவன் வைக்கோலைத் தின்றது என்று தீர்ப்பதும், போலீஸ்காரர் வந்தால் எதிரே போய் நிற்பதும், பிரசவ வலி கண்டவளுக்கு வண்டி பிடிப்பதும் அவர்தான். கோயில் சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கியது. இருமல் வந்தால்கூட இருமிவிட்டு, ‘சொல்லுங்க’ என்பார்.

அவர் நல்லவர். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தனை பேரும் தன்னைத் தேடி வருவது அவருக்குச் சுமையாக மட்டும் இருந்ததா என்பதில்தான் சந்தேகம்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் குறித்திருந்த பாடம் யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம். (நான் வேண்டுமென்றே அதைக் குறித்து வைத்தேன். கதை எழுதுகிறவளுக்கு இந்த அளவு சலுகை உண்டு.) உபதேசியார் வாசித்துக்கொண்டே போனார். காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார் என்ற இடம் வந்தபோது பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மாமனார் கண்டித்த இடம் வந்தபோது அது அடக்க முடியாமல் போயிற்று.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் மனைவி அம்சம் ஆரம்பித்தாள்.

“நான் நாலு வருஷமாச் சொல்றேன், இந்த மனுசன் காதுல ஏறலை. இதுக்கு மாமனாரே வந்து சொல்லணுமாம். எங்கப்பா செத்துட்டாரு, நான் எங்கே போயி மாமனாரக் கூட்டியாறது?”

“வேதத்த வச்சிக்கிட்டு விளையாடாத அம்சம்.”

“யாரு விளையாடறா? நேத்து நீங்க கஞ்சி குடிச்சீங்களா? அண்டாவுக்கு அளந்து போட்டுட்டு மனு எழுதப் போயிட்டீங்க. உங்க பங்க நாய் குடிச்சிச்சு.”

பக்கத்தில் நின்ற காத்தான் சிரித்தான். சங்கத்தில் வேகமான ஆள், இன்னும் கல்யாணமாகவில்லை. சபையில் இல்லாதவன் என்றாலும் பாடம் கேட்க மரத்தடியில் நிற்பான். “மோசேக்கே முடியலைன்னா உங்களுக்கு முடியுமா உபதேசியாரே? பிரிச்சுக் குடுங்க. நாங்க என்ன மண்ணாங்கட்டியா?”

உபதேசியார் அன்றைக்கே பிரித்துக் கொடுத்தார். வயல் பக்கம் காவல் காத்தானுக்கு. சில்லறைச் சண்டைகளைத் தீர்க்க இரண்டு பெரியவர்கள். அண்டா பொன்னுத்தாய்க்கு.

பொன்னுத்தாய் விதவை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். சுற்றியிருந்த ஏழெட்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்துக்கொண்டு வருவது பொன்னுத்தாய்தான். அண்டாவில் கொதித்தது பெரும்பாலும் அந்த அரிசி.

எல்லோர் முன்பும் உபதேசியார் அகப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “அண்டா விஷயத்துல இனிமே பொன்னுத்தாயி சொல்றதுதான் முடிவு. உப்புக் கம்மி, பங்கு கம்மின்னு எவனும் எங்கிட்ட வராதீங்க.”

“எனக்கெதுக்குங்க இதெல்லாம்,” என்று அவள் சொன்னாள். ஆனால் கையை நீட்டியிருந்தாள்.

[இங்கே ஒன்று. கூட்டத்தில் நான் இதைச் சொல்லத் தவறிவிட்டேன். மோசே ஆட்களைத் தானே தெரிந்தெடுத்தார். ஆதிச் சபையில் அப்படியில்லை. ஜனங்களைப் பார்த்து, நீங்களே தெரிந்தெடுங்கள் என்று அப்போஸ்தலர்கள் விட்டார்கள், அப்புறம்தான் கைவைத்து ஜெபித்தார்கள். இன்னொன்றும் உண்டு. மோசேயின் ஏற்பாட்டில் சின்ன வழக்கு மற்றவர்களுக்கு, பெரிய வழக்கு மோசேக்கு. எது சின்னது, எது பெரியது என்று வழக்கு வந்து நிற்கும்போது யார் சொல்வது? அது எழுதப்பட்டிருக்கவில்லை. உபதேசியாரும் சொல்லவில்லை. கஞ்சியில் என்ன பெரிய விஷயம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.]

4

ஒப்படைத்தல் தலைவர்களின் நற்பண்பு என்று நான் பேசியதை இந்தப் பகுதி கொஞ்சம் கெடுக்கும்.

அந்த ஊர் நிலம் முக்கால்வாசி ராமசுப்பிரமணியனுடையது. அவர் தஞ்சாவூரில் இருந்தார். அறுப்பு, கூலி, ஆள், அடி, உதை எல்லாவற்றையும் காரியக்காரர் கண்ணுசாமியிடம் ஒப்படைத்திருந்தார். யாராவது தஞ்சாவூர்வரை போய் முறையிட்டால் காப்பி கொடுத்துக் கேட்டுக்கொள்வார். “எனக்கு அங்கே நடக்கிறது ஒண்ணும் தெரியாதேப்பா. கண்ணுசாமியைத்தான் கேக்கணும்,” என்பார். பொய் இல்லை. தெரியாமல் இருப்பதற்காகத்தான் ஒப்படைத்திருந்தார்.

கண்ணுசாமி ஒரு லாரி நிறைய வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து களத்துக் கொட்டகையில் இறக்கினார். ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள். இரண்டு வருஷமாக மழை இல்லாமல் கிளம்பியவர்கள். குழந்தை குட்டியோடு வந்திருந்தார்கள். எந்த ஊருக்குப் போகிறோம், அங்கே என்ன தகராறு என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கொட்டகையைச் சுற்றி போலீஸ் நின்றது.

அதே நாளில் பேச்சுவார்த்தைக்கு என்று உபதேசியாரை மன்னார்குடிக்குக் கூப்பிட்டார்கள். போனவரை அங்கேயே முன்னெச்சரிக்கை என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

பொறுப்பைக் கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றால் அது கொடுத்ததாக ஆகாது. வேதத்தில் வரும் எஜமானர்களும் கொடுத்துவிட்டுத் தூர தேசம் போகிறார்கள். உபதேசியார் தூர தேசம் போகவில்லை, லாக்கப்புக்குப் போனார். இரண்டும் ஒன்றுதான். அண்டா விஷயத்தில் பொன்னுத்தாய்க்கு இனிக் கேட்க ஆள் இல்லை.

5

இப்போது நான் உபதேசியாருடைய மனதிலிருந்து இறங்கிப் பொன்னுத்தாயின் மனதுக்குப் போகவேண்டும்.

முதலில் அண்டாவின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தம் ஆரம்பித்த அன்று காத்தான் அதை ஏற்படுத்தினான். கஞ்சி வாங்குமுன் ஒவ்வொருவரும் அண்டாவின் விளிம்பைத் தொட்டு, ‘அறுப்புக்கு எறங்க மாட்டேன்’ என்று சொல்லவேண்டும். தெருவே சொன்னது. மறுநாள் முதல் யாரும் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. அந்த அண்டாவில் குடித்தாலே சொன்னது போலத்தான் என்று ஆகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. மழையில் அறுக்க முடியாது. அறுப்பு இல்லாத நாளில் வெளியூர் ஆட்களுக்குச் சோறு இல்லை என்று கண்ணுசாமி சொல்லிவிட்டார். மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம், தெருவெல்லாம் குடித்துவிட்டுப் போன பிறகு, காட்டாமணக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பின்னால் இன்னும் சில பெண்கள்.

“தாயி, பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வாய் ஊத்துங்க. எங்களுக்கு வேணாம்.”

“யாரு நீ?”

“ராமாயிங்க. அந்தக் கொட்டகையில கெடக்கோம்.”

பொன்னுத்தாய்க்குத் தெரியும், எந்தக் கொட்டகை என்று. அறுப்புக்கு வந்தவர்கள். தன் தெரு ஒரு வேளைக் கஞ்சியில் கிடப்பது எதற்காகவோ, அதை உடைக்க வந்தவர்கள். அவள் அண்டாவுக்குள் பார்த்தாள். சாயங்காலம் கைக்குழந்தைக்காரிகளுக்கென்று வைத்திருந்தது அடியில் இருந்தது. உபதேசியாரைக் கேட்கலாம் என்று வழக்கம்போல் மனம் ஓடியது. ஓடின இடத்தில் யாரும் இல்லை. அவள் —

[இந்த இடத்தில் பல நாள் நின்றேன். முதலில் எழுதியது: அவள் இளகிய மனசுக்காரி, யோசிக்காமல் ஊற்றிவிட்டாள். படிக்க நன்றாக இருந்தது. இரக்கத்தில் தவறுகிற பெண்ணை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் யோசிக்காதவள் என்று எழுத எழுத, அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. அடித்தேன்.

இரண்டாவது: வெளியூர்க்காரர்களும் குடித்தால் கட்டுப்பட்டு அறுப்புக்குப் போகமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு ஊற்றினாள். இது சாமர்த்தியம். சங்கமும் கொண்டாடும். அண்டாவின் சட்டம் உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற தப்பை அந்தத் தெருவில் இருப்பவர்கள் செய்யக்கூடியவர்கள்தான். இதையும் முழுதாக நம்ப முடியவில்லை. கொஞ்சம் வைத்துக்கொண்டேன்.]

அவள் ராமாயியைக் கிட்டே வரச் சொன்னாள். விளிம்பைத் தொட்டுச் சொல்லு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் ராமாயி தொட்டிருப்பாள், எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள். பெரிய குழந்தை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்து நீட்டிவிட்டது. பாத்திரம் கொண்டுவரத் தோன்றவில்லை அவர்களுக்கு. சுடச்சுட அந்தக் கையில் எப்படி ஊற்றுவது? பொன்னுத்தாய் கோயிலுக்குள் போய் ஈயப் போணியை எடுத்து வந்தாள். அகப்பையால் கலக்கி, அடியிலிருந்து, சோற்றுப் பருக்கை ஏறிவர மொண்டு ஊற்றினாள். சொல்லை விழுங்கிவிட்டாள்.

பசிக்கு ஊற்றுகிற கையால் சத்தியமும் கேட்பதா என்று அவள் யோசித்தாள். தன் சனத்திடம் கேட்டதை இவளிடம் மட்டும் கேட்காமல் விடலாமா என்றும் யோசித்தாள். இரண்டுக்கும் பதில் வருமுன் அகப்பை இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அது அவள் யோசித்துச் செய்ததுதான். இதை நான் அவளுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும்.

கொட்டகையிலிருந்து மற்றவர்களும் வந்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் என்றது, பெரியவர்களுக்கும் ஒரு வாய் என்று ஆயிற்று. அண்டா காலியாயிற்று.

6

மறுநாள் வெயில் அடித்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கினார்கள். போலீஸ் நின்றது. அரிவாள் சத்தம் தெருவுக்குக் கேட்கும் தூரம்தான். பழுத்த குறுவை சரசரவென்று விழுகிற சத்தம் யாருக்குத்தான் தெரியாது. தங்கள் கையில் இருந்த ஒரே பலம் அந்தப் பயிர் அறுபடாமல் நின்றதுதான். அது விழ விழத் தெரு வெளியே வந்து நின்று கேட்டது.

ராமாயியும் அறுத்தாள். பொன்னுத்தாய் பார்த்தாள். நேற்றுக் குடித்தவளுக்கு இன்று எப்படி மனசு வந்தது என்று அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம், நாம் எதுவும் கேட்கவில்லையே என்ற நினைவு வந்தது.

காத்தான் அண்டாவுக்கு எதிரே வந்து நின்றான்.

“எக்கா, நேத்து நீ யாருக்கு ஊத்துன?”

“பசின்னு வந்துச்சுங்க. ஊத்துனேன்.”

“நாங்க வயித்தக் கட்டி வச்ச அரிசியில அவனுக்கு அறுப்பு நடத்திக் குடுத்திருக்கியே, நல்லாருக்கா?”

“கொழந்தைக்குடா ஊத்துனேன்.”

“கொழந்தையா அங்க அறுக்குது?”

அவள் அண்டா மூடியை எடுத்துச் சரியாக வைத்தாள்.

“இது சங்கத்து அண்டாக்கா. உங்க கோயில் அன்னதானமில்ல.”

“அரிசி காணிக்கை அரிசி காத்தான். ஏழு ஊரு பொம்பளைங்க ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சது. அதுல இவுங்களுக்கு உண்டு, அவுங்களுக்கு இல்லைன்னு நான் எங்கே போயிப் படிச்சேன்?”

“உபதேசியார் வரட்டும். வந்து அகப்பையப் புடுங்குறாரா இல்லையான்னு பாக்குறேன்.”

அன்றைக்குக் கஞ்சி வாங்க வந்தவர்களில் சிலர் அவள் கையால் வாங்கவில்லை. போணியை அண்டா ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊற்றி முடித்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

அகப்பை போனால் அவளுக்கு என்ன போகும்? மூட்டை தூக்குகிற வேலை மிச்சம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் புருஷன் செத்ததிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவளை எதற்கும் கேட்டதில்லை. இந்தச் சில நாளாகத்தான், ‘பொன்னுத்தாயி, இன்னிக்கு எத்தனை பேருக்கு வைக்கிறது?’ என்று கேட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் சொல்வதற்கு முன் அவள் கொஞ்சம் தாமதிப்பாள். அந்தத் தாமதம் அவளுக்குப் பிடித்திருந்தது. அது போய்விடும். இனி வாழ்நாள் முழுக்க, தெருவின் போராட்டத்தைக் கஞ்சியில் கரைத்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

7

[வங்கி மேலாளருக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது, அரைகுறையாக. கொடுத்ததைத் திரும்ப வாங்கிய கதை வேதத்தில் உண்டு. கீழ்ப்படியாத சவுல் ராஜாவிடமிருந்து ராஜ்யம் போயிற்று. வாங்காத கதையும் உண்டு. சீஷர்களின் பணப்பை யூதாஸிடம் இருந்தது. அவன் அதிலிருந்து எடுத்தான் என்று யோவான் எழுதுகிறார். அது ஆண்டவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கடைசிப் பந்திவரை பை அவனிடம்தான் இருந்தது. ஏன் வாங்கவில்லை? பிரசங்கங்களில் இதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நானும் அன்று தாண்டிவிட்டேன். பொன்னுத்தாய் யூதாஸ் இல்லை. ஆனால் பை விஷயத்தில் என்ன செய்வது என்பது ஆளைப் பொறுத்ததா, கொடுத்தவரைப் பொறுத்ததா?]

சனிக்கிழமை உபதேசியாரை விட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கே அம்சம் வந்திருந்தாள். வரப்போரமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டதும் அவருக்கு விழுந்த பயிர் கண்ணில் நின்றது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தான் இல்லாதபோது தெரு தடுமாறிவிட்டது என்பது அவருக்குச் சின்னதாக இனித்தது. ‘பாத்தியா, நான் இருந்திருந்தா’ என்று மனசுக்குள் ஒரு குரல் எழுந்து, அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் நடப்பதை நிறுத்திவிட்டார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. கல்லு குத்திச்சு.”

“அகப்பைய வாங்கிடாதீங்க,” என்றாள் அம்சம்.

“வாங்கலைன்னா சங்கம் ரெண்டாப் போயிரும் அம்சம். காத்தான் சொல்றதுல தப்பு இல்லையே.”

“யாரு தப்புன்னா? அதுக்காகச் சொல்லலை. நாளைக்கு ஒரு கஷ்டம்னா எவ கைய நீட்டுவா, அத யோசிங்க.”

8

ஞாயிறு ஆராதனை முடிந்து யாரும் எழுந்திருக்கவில்லை. சபையில் இல்லாதவர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மறுபடியும் மழை பிடித்து அறுப்பு நின்றிருந்தது. பாதி வயல் இன்னும் நின்றது, ஆகவே எதுவும் முடிந்துபோகவில்லை. பின்புறம் புங்க மரத்தடியில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே அண்டாவில் உலை வைத்திருந்தார்கள்.

இந்தக் காட்சிக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஒன்று. உபதேசியார் அகப்பையை வாங்கிக்கொள்கிறார். பொன்னுத்தாய் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுகிறாள். தெரு ஒன்றுபடுகிறது. (நடக்கக்கூடியது. உலகத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அதனாலேயே கையெழுத்து கோணிக்கொண்டு போனது.)

இரண்டு. இதைத்தான் நான் முடிவாக வைத்திருந்தேன். நடந்தது இப்படி:

காத்தான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். நேர்மையாகச் சொன்னான், எதையும் கூட்டவில்லை. உபதேசியார் எழுந்து நின்றார்.

“நான் சொல்லித்தான் அது ஊத்துச்சு,” என்றார். “மன்னார்குடி போறதுக்கு முன்னாடியே, பசின்னு யாரு வந்தாலும் ஊத்துன்னு சொல்லிட்டுப் போனேன். குத்தம்னா என் மேல போடுங்க. பொன்னுத்தாயி மேல ஒரு சொல்லு வரக்கூடாது.”

எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. தனக்குக் கீழே இருப்பவரின் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிற தலைவர். இதைவிட என்ன வேண்டும்? கதை முடிந்தது என்று கீழே கோடு போட்டுவிட்டேன்.

ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள்.

“நீங்க சொல்லலைங்க உபதேசியாரே.”

“நீ உக்காரு பொன்னுத்தாயி.”

“இல்லீங்க. நீங்க ஒண்ணும் சொல்லிட்டுப் போகலை. நீங்க சொல்லியிருந்தா எனக்கு அவ்வளவு யோசனை வந்திருக்காது. நான்தான் யோசிச்சேன். நான்தான் ஊத்துனேன். அண்டாவத் தொடச் சொல்லணும்னு ஞாபகம் இருந்துச்சு. மறந்துபோயி விடலை. கேக்க வேணாம்னு விட்டேன்.” மூச்சு வாங்கினாள். “அதுங்க அறுப்புக்குப் போவும்னு நினைக்கலை. அது என் தப்பு. ஊத்துனது தப்பான்னு எனக்கு இன்னும் தெரியலை. ஆனா ரெண்டையும் எங்கிட்டேருந்து எடுத்துக்கிடாதீங்க.”

காத்தான் கையை விரித்தான். “கேட்டீங்கல்ல? வேணும்னேதான் செஞ்சிருக்கு.”

“வேணும்னு செஞ்சத, வேணும்னு செஞ்சேன்னு சொல்ற ஆளு இந்தத் தெருவுல இன்னொருத்தரக் காட்டுடா பாப்போம்,” என்றாள் அம்சம்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

உபதேசியார் நின்றபடியே இருந்தார். பழியை வாங்கிக்கொள்வதும் ஒருவகையில் அகப்பையைப் பிடுங்குவதுதான் என்பது அவருக்கு அந்த நிமிஷம் உறைத்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. போட்ட கோட்டை அடித்தேன்.

அவர் மெதுவாகப் பேசினார். “நான் பொய் சொன்னேன். ஆண்டவர் கோயில்ல நின்னு சொன்னேன். மன்னிச்சிருங்க.” பெண்கள் பக்கமும் திரும்பிக்கொண்டார். “அன்னிக்கு அகப்பைய நானே எடுத்து நானே குடுத்தேன். உங்க யாரையும் கேக்கலை. நான் குடுத்ததுங்கறதால, அது தப்புன்னா நானே வாங்கணும்னு நீங்களும் உக்காந்திருக்கீங்க. இன்னிக்கு நான் குடுக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. அண்டாவுக்கு யாரு, அவுங்க எதை முடிவு பண்ணலாம், எதை உங்களக் கேட்டுட்டுச் செய்யணும், எல்லாத்தையும் நீங்க சொல்லுங்க. பொம்பளைங்களுஞ் சேத்துத்தான். கையத் தூக்குங்க.”

“பொம்பளைங்களா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அரிசி யாரு குடுத்தது?” என்றார் உபதேசியார். அப்படியே கீழே, ஆண்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டார்.

தெருக் கூட்டத்தில் பெண்கள் கை தூக்கியதில்லை. தூக்குங்கள் என்று யாரும் சொன்னதும் இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பசியில் பிள்ளையைத் தூங்க வைத்தவர்கள் அதில் இருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்கு வைத்திருந்த கஞ்சி இல்லாமல் போனவர்கள் அவர்கள்தான். பொன்னுத்தாய் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போணியை வைத்தவர்களைத் தேடி அவள் பார்க்கவில்லை.

மூன்று.

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. ஒரே வாக்கியத்தில் என்னால் கோயில் முழுக்கக் கைகளை உயர்த்திவிட முடியும். ஒரு கையைக்கூட உயர்த்தாமல் அவளை வீட்டுக்கு அனுப்பவும் முடியும். காத்தானையே முதலில் தூக்கவைக்கலாம் என்று ஒருநாள் ஆசைப்பட்டேன். அது என் ஆசை, அவனுடையது இல்லை. பெரிய வழக்கு வந்ததும் அதை நானே எடுத்துக்கொண்டு, இதுவரை சின்ன வழக்குகளில் உங்களை யோசிக்கவிட்டேன் என்று சொல்வதில் நியாயமில்லை.

ஆகவே அவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் அந்தப் பாயில் எங்கேயாவது இடம் பார்த்து உட்காருங்கள். பசித்தவர்கள் பக்கமா, பயிர் விழுந்த சத்தம் கேட்டவர்கள் பக்கமா என்று பிரித்துக்கொள்ள முடியாது, இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

வெளியே தூறல் விழுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ராமாயி வந்து நிற்கிறாள். இன்றும் அறுப்பு இல்லை, அவர்களுக்குச் சோறு இல்லை. இந்தமுறை போணி கொண்டுவந்திருக்கிறாள். பந்தலின் கீழே உலை கொதித்து அண்டா மூடி தூக்கித் தூக்கிப் போடுகிறது. யார் எழுந்து போய் அரிசி போடுவது, யாரையெல்லாம் சேர்த்து எண்ணிப் போடுவது என்று யாராவது சொல்லவேண்டும்.

சொல்லுங்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் நான் திரும்பி வந்து மாற்றமாட்டேன்.